வயதும் மருத்துவச் செலவும்

வரைபடத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிடைக்கோட்டில் வயதைக் குறிப்போம். செங்குத்துக் கோட்டில், அந்த வயதுடைய ஒருவருக்காக அரசு ஓராண்டில் செய்யும் மருத்துவச் செலவைக் குறிப்போம். பிரிட்டனின் கணக்குகளைக் கொண்டு புள்ளிகளை இட்டு இணைத்தால், பிறந்த குழந்தையிடம் சற்று உயரத்தில் தொடங்கும் கோடு, பள்ளி வயதில் தாழ்ந்து தரையை ஒட்டிச் செல்லும். பெண்களுக்கு மட்டும் பேறுகால வயதில் சிறிது மேடிடும். ஐம்பதைத் தாண்டியதும் ஏறத் தொடங்கும். எழுபத்தைந்துக்குப் பின் மலைச்சரிவு போல் உயரும்.

நஃபீல்டு அறக்கட்டளை செய்த ஆய்வொன்று 2016-ல் வெளியாயிற்று. முப்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் ஓர் ஆணுக்கு ஆகும் செலவைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு, எண்பத்தைந்து வயது ஆணுக்கு ஆகிறது என்று அது கண்டது. மக்கள் தொகையில் ஐந்தில் ஒரு பங்கினரை விடக் குறைவாக இருந்த, 65 வயதைக் கடந்தோருக்கு, மருத்துவச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று.

இதைப் படிப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? முதுமையே செலவு, முதியோர் பெருகினால் நாட்டின் கருவூலம் காலியாகும் என்பதுதானே? பிரிட்டனில் பல அமைச்சர்களும் நாளிதழ்களும் அப்படித்தான் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசி வந்துள்ளனர். ஆயின், அந்தக் கோடு இதயத் துடிப்பைப் போலவோ குருதி அழுத்தத்தைப் போலவோ உடலிலிருந்து நேரே அளந்து எடுத்த ஒன்றன்று. ஒரு நோயாளி எந்த இடத்தில் கவனிக்கப்பட்டார், அந்தச் செலவு யாருடைய ஏட்டில் எழுதப்பட்டது என்பவற்றைப் பொறுத்து அது வளைகிறது. அது எவ்வாறு வளைந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

தவறிப்போன மதிப்பீடு

பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணி 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தொடங்கிற்று. அதற்கு முன்னோடியான பெவரிட்ஜ் அறிக்கை 1942-ல் வெளிவந்தது. அவ்வறிக்கை சுகாதாரப் பணிக்கு 1945-ல் ஆண்டுக்கு 17 கோடி பவுன் ஆகும் என்று மதிப்பிட்டது. இருபது ஆண்டு கழித்து, 1965-ல், எவ்வளவு ஆகும்? அதே 17 கோடி என்றது! பணிகள் விரிவடையும்; ஆனால் மக்கள் நலம் பெறப் பெற நோய் குறையும், ஆகவே ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிடும் என்பது பெவரிட்ஜின் எண்ணம். கிணற்றில் தேங்கிய பழைய நீரை ஒருமுறை இறைத்துவிட்டால் போதும் என்பது போன்ற கணக்கு அது. ஊற்று ஒன்று இருப்பதை அவர் கருதவில்லை.

நடந்தது வேறு. பல்லாண்டுகளாகப் பல்லின்றியும் பார்வை மங்கியும் காலந்தள்ளிய ஏழை மக்கள் பல் மருத்துவர்களிடமும் கண்ணாடிக் கடைகளிலும் வந்து குவிந்தனர். முதல் ஆண்டில் மட்டும் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. 1950-ல் அரசு ஆண்டுச் செலவுக்கு ஏறத்தாழ 40 கோடி பவுன் என்று உச்சவரம்பு கட்ட நேர்ந்தது. போர்க்காலத்து விலையேற்றமும் இதில் ஒரு பகுதி என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஆனால் அதை அன்று எடுத்துச் சொன்னவர் சிலரே.

1951-ல் கொரியப் போரையொட்டிப் படைச் செலவு பெருகியபோது, நிதியமைச்சர் ஹியூ கெயிட்ஸ்கெல் பொய்ப்பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார். சுகாதாரப் பணியைத் தோற்றுவித்த அனைரின் பெவன் அதை எதிர்த்து ஏப்ரல் மாதத்தில் அமைச்சரவையிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு மருந்துச் சீட்டுக்கும் ஒரு ஷில்லிங் கட்டணம் வந்தது. "அடியில்லாக் குழி" என்ற பேச்சு பரவியது. அந்தக் குழியை ஆழமாக்குகிறவர்கள் முதியவர்கள்தாம் என்ற பேச்சும் கூடவே பரவியது.

கணக்கரின் கண்

1953-ல் கன்சர்வேடிவ் அரசு, இச்செலவை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் கில்லிபாடு. செலவை வெட்டுவதற்கு இக்குழு வழி காட்டும் என்பது கருவூலத்தின் எதிர்பார்ப்பு. குழு செய்த நல்ல காரியம், கணக்கெழுதும் பொறுப்பை இருவரிடம் ஒப்படைத்ததாகும்.

ஒருவர் ரிச்சர்டு டிட்மஸ். பதினான்கு வயதளவில் பள்ளியை விட்டவர், பட்டம் பெறாதவர், காப்பீட்டு நிறுவனமொன்றில் பல்லாண்டு எழுத்தராக இருந்து, பிறப்பு இறப்புக் கணக்குகளோடு பழகியவர். 1950-ல் இலண்டன் பொருளியல் கல்லூரி அவரைப் பேராசிரியராக அமர்த்தியது. மற்றவர் பிரயன் ஏபெல்-ஸ்மித் என்ற இளம் பொருளியலாளர்.

இவ்விருவரும் முதலில் பவுன் கணக்கை விலைவாசிக்கேற்பத் திருத்தினர். பிறகு, நாட்டின் மொத்த உற்பத்தியில் சுகாதாரப் பணி எத்தனை விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தனர். முதல் ஆண்டுகளில் 3¾ விழுக்காடாக இருந்தது, 1953-54-ல் 3¼ விழுக்காடாகக் குறைந்திருந்தது! குழி ஆழமாகவில்லை, மேடாகிக்கொண்டிருந்தது. மருத்துவமனைக் கட்டடங்களுக்கான செலவோ போருக்கு முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தது.

இச்செய்தியே பெரிது. ஆனால் நம் பொருளுக்கு அதைவிடப் பெரிதொன்று அவர்களுடைய ஏட்டில் இருக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் இரவில், மருத்துவமனைப் படுக்கைகளில் இருந்தவர்கள் யார் யார் என்பதை அவர்கள் வயதுவாரியாகப் பிரித்தனர். அதோடு நிறுத்தாமல், மணமானவரா, மணமாகாதவரா, துணையை இழந்தவரா என்றும் பிரித்தனர். இந்த இரண்டாம் பிரிவினையைச் செய்ய வேண்டும் என்று தோன்றியதே அவர்களுடைய திறம் என்பேன்.

விடை வியப்பூட்டியது. முதியோரிலும், கணவனோ மனைவியோ உயிரோடிருப்பவர்கள் மருத்துவமனையில் மிகக் குறைவாகவே இருந்தனர். படுக்கைகளில் பெரும்பகுதியை நிறைத்தவர்கள் மணமாகாதவர்களும் துணையிழந்தவர்களும். எழுபத்தைந்து வயதான இருவருக்கு ஒரே விதமாகத் தொடை எலும்பு முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வீட்டில் மனைவி இருக்கிறார். எலும்பு கூடத் தொடங்கியதும் அவர் வீடு திரும்புகிறார். மற்றவர் தனியர்; கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை; அவர் படுக்கையிலேயே மாதக்கணக்கில் கிடக்கிறார். ஏட்டில் இருவரும் "75 வயது, தொடை எலும்பு முறிவு" என்றுதான் பதிவாவார்கள். செலவு மட்டும் பல மடங்கு வேறுபடும். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் எலும்பன்று; வயதுமன்று; தனிமை.

மனைவியோ மகளோ வீட்டில் செய்யும் பணிவிடைக்குப் பவுன் மதிப்பு கிடையாது. அது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அப்பணிவிடை இல்லாத இடத்தில் மட்டுமே முதுமை "செலவு" என்ற உருவம் கொள்கிறது. மக்கள் தொகையில் முதியோர் விகிதம் கூடுவதால் மட்டும் வரும் இருபது ஆண்டுகளில் சுகாதாரச் செலவு பெரிதாக உயர்ந்துவிடாது என்றும் இருவரும் கணித்துக் காட்டினர். குழுவின் அறிக்கை 1956 ஜனவரியில் வெளியாயிற்று. பெரிய வெட்டு எதையும் அது பரிந்துரைக்கவில்லை. கருவூலத்தார் முகம் சுளித்தனர்.

படுக்கையே நோயாகும்போது

இந்த இடத்தில் இருபது ஆண்டு பின்னோக்கிச் சென்று ஒரு மருத்துவரைச் சந்திக்க வேண்டும். ஏனெனில், முதியோர் செலவைப் பற்றிய ஒரு செயல்முறைச் சோதனையை, அப்படியொரு நோக்கம் இல்லாமலே, அவர் செய்து முடித்திருந்தார்.

அவர் பெயர் மார்ஜரி வாரன். இலண்டன் அருகே ஐல்வொர்த்தில் உள்ள மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1935-ல் அடுத்திருந்த பழைய ஏழையர் விடுதியின் மருத்துவப் பகுதி அம்மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. ஏழையர் விடுதி என்பது, ஏழைச் சட்டத்தின்படி பிழைக்க வழியற்றோரை அடைத்து வைத்த இடம். 714 படுக்கைகள் வாரனின் பொறுப்பில் வந்தன. பக்கவாதம் வந்தவர், மூட்டு முடங்கியவர், புத்தி தடுமாறியவர், வெறுமனே வீடற்றவர் என எல்லோரும் அங்கே ஒன்றாகக் கிடந்தனர். பலர் பல ஆண்டுகளாக எழுந்து நின்றதில்லை. எழ வேண்டும் என்று யாரும் சொன்னதும் இல்லை.

நெடுநாள் படுத்தே இருப்பது தனக்கெனச் சில நோய்களை உண்டாக்குகிறது. தசைகள் மெலிகின்றன, மூட்டுகள் இறுகி மடங்கிய நிலையில் நின்றுவிடுகின்றன, எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரைகிறது, அழுத்தம் படும் தோல் புண்ணாகிறது, நுரையீரலில் சளி தேங்குகிறது. இவற்றையெல்லாம் முதுமையின் இயல்பு என்று மருத்துவர்கள் நெடுங்காலம் எண்ணி வந்தனர். வாரன் ஒவ்வொருவரையும் ஆய்ந்து, நோயைக் கண்டறிந்து, வகை பிரித்தார். கூடத்துக்கு வெளிச்சமான வண்ணம் பூசச் செய்தார். நோயாளிகளை எழுப்பினார், நிற்க வைத்தார், நடை பழக்கினார். பலர் வீடு திரும்பினர். 714 படுக்கைகள் படிப்படியாக 240 ஆகக் குறைந்தன.

நோயாளிகளின் வயது குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே வயது, அதே ஊர், அதே மனிதர்கள். மாறியது மருத்துவம் ஒன்றே. வாரன் தம் முறையை 1943-லும் 1946-லும் பிரிட்டனின் புகழ்பெற்ற மருத்துவ இதழ்களில் கட்டுரைகளாக எழுதினார். முதியோர் மருத்துவம் என்ற தனித்துறை பிரிட்டனில் பிறந்தது இவ்வாறுதான். ஆயினும் நாடு முழுவதும் இருந்த பழைய கூடங்களில் இந்த முறை பரவப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஒரே நாளில் பிறந்த இரு சட்டங்கள்

சுகாதாரப் பணி தொடங்கிய அதே 1948 ஜூலை 5 அன்று மற்றொரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது. தேசிய உதவிச் சட்டம் என்பது அதன் பெயர். ஏழைச் சட்டத்தை அது ஒழித்தது. நோயுற்ற முதியவர் மருத்துவமனைக்குச் செல்வார். அங்கே எல்லாம் இலவசம். நோயில்லாமல், ஆனால் பிறர் கவனிப்பு தேவைப்படும் முதியவர், உள்ளாட்சி மன்றம் நடத்தும் இல்லத்துக்குச் செல்வார். அங்கே தம் வசதிக்கேற்பக் கட்டணம் செலுத்த வேண்டும்.

தாளில் எழுதும்போது இந்தக் கோடு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் எண்பது வயது மூதாட்டி ஒருத்தி நடக்கத் தடுமாறுகிறாள், இரவில் வழி தவறுகிறாள், ஆடையை நனைத்துக்கொள்கிறாள் என்றால், அது நோயா, தளர்ச்சியா? மருத்துவமனை அவளைத் தளர்ந்தவள் என்றது. உள்ளாட்சி இல்லம் நோயாளி என்றது. இரண்டுக்கும் தனித்தனிப் பணப்பை இருந்ததால், அவளை அடுத்தவர் பையில் தள்ளிவிடுவதே இரு தரப்புக்கும் இலாபமாயிற்று. மருத்துவமனையிலேயே தங்கிவிட்டவர்களுக்கு "படுக்கையை அடைத்துக் கிடப்பவர்கள்" என்று ஒரு பெயரும் சூட்டினர். போக இடமில்லாதவர் எப்படி அடைப்பவர் ஆவார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சமூகவியலாளர் பீட்டர் டவுன்செண்டு முதியோர் இல்லங்களையும் அவை போன்ற நிலையங்களையும் நேரில் சென்று ஆராய்ந்து 1962-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சென்று பார்த்தவை 173. ஒழிக்கப்பட்டதாகச் சொன்ன ஏழையர் விடுதிகளின் அதே கட்டடங்களில் இன்னும் ஏராளமான முதியோர் வாழ்ந்துகொண்டிருப்பதை அவர் கண்டார். பெயர்ப்பலகைதான் மாறியிருந்தது.

மருத்துவமனைகளின் உள்ளும் இதே பிளவு இருந்தது. ஒருபுறம் அறுவைச் சிகிச்சையும் அவசரச் சிகிச்சையும் நடக்கும் பொது மருத்துவமனைகள். மறுபுறம் முதியோரும் மனநோயாளிகளும் ஆண்டுக்கணக்கில் தங்கும் மருத்துவமனைகள். படுக்கைகள் பின்னவற்றில் மிகுதி; ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவோ முன்னவற்றில் பன்மடங்கு. முதியோருக்கு மிகுதியாகச் செலவாகிறது என்று சொன்ன அதே காலத்தில், ஒவ்வொரு முதியவருக்கும் மிகக் குறைவாகச் செலவு செய்யும் கூடங்களில்தான் பலர் வைக்கப்பட்டிருந்தனர்.

அக்கூடங்களில் பணிபுரிய பிரிட்டிஷ் இளம் மருத்துவர்கள் விரும்பவில்லை. முதியோர் மருத்துவத்தில் பெயரும் கிடைக்காது, தனியார் வருமானமும் கிடைக்காது. எனவே இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து சென்ற மருத்துவர்கள் அவ்விடங்களை நிரப்பினர். இதய மருத்துவமோ அறுவைச் சிகிச்சையோ கற்கலாம் என்று சென்றவர்கள், கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டனர். பிறகு அவர்களில் பலர் அத்துறையை வளர்த்தவர்களாகவும் ஆயினர். நம் நாட்டு வாசகர்கள் அறிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி இது.

பார்பரா ராப் என்ற பெண்மணி 1965-ல் வடக்கு இலண்டனில் உள்ள ஃப்ரையர்ன் மனநல மருத்துவமனைக்குத் தமக்கு அறிமுகமான ஒரு மூதாட்டியைப் பார்க்கச் சென்றார். அங்கிருந்த முதிய பெண்களிடமிருந்து மூக்குக் கண்ணாடி, பொய்ப்பல், காதுகேள் கருவி ஆகியவை எடுத்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு திடுக்கிட்டார். எந்தக் கண்ணாடிக்காகவும் பொய்ப்பல்லுக்காகவும் ஓர் அமைச்சர் பதவியைத் துறந்தாரோ, அவை ஒரு கூடத்தில் பறிக்கப்பட்டிருந்தன! ராப் 1967-ல் தொகுத்து வெளியிட்ட நூல் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கிற்று. அரசு நடத்திய விசாரணைகள் அவருடைய குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவற்றைத் தள்ளுபடி செய்தன. ஆனால் 1969-ல், வேல்ஸில் கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனை பற்றிய விசாரணை அறிக்கை, மனவளர்ச்சி குன்றியோர் நடத்தப்பட்ட முறையை வெட்டவெளிச்சமாக்கியது. அமைச்சர் ரிச்சர்டு கிராஸ்மன் அதை மறைக்காமல் முழுமையாக வெளியிட்டார். நீண்டகாலக் கூடங்களைச் சென்று பார்த்து அறிக்கை தர ஓர் ஆலோசனை அமைப்பையும் ஏற்படுத்தினார்.

பங்கீட்டு வாய்பாடு

இத்தனை காலமும் மருத்துவமனைகளுக்குப் பணம் எவ்வாறு பங்கிடப்பட்டது? சென்ற ஆண்டு எவ்வளவோ, அதோடு கொஞ்சம். இதுதான் முறை. 1948-க்கு முன் வசதியாக இருந்த இலண்டன் மருத்துவமனைகள் வசதியாகவே இருந்தன. வடக்கே சுரங்க ஊர்களும் ஆலை ஊர்களும் பின்தங்கியே இருந்தன. தென்வேல்ஸின் கிளின்காரக் என்ற சுரங்கச் சிற்றூரில் மருத்துவம் செய்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-ல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: எங்கே நோய் மிகுதியோ அங்கே நல்ல மருத்துவம் கிடைப்பது குறைவு. இது தலைகீழ் விதி என்று பெயர் பெற்றது.

1976-ல் இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. ஒன்று, மண்டலங்களுக்குப் பணம் பிரிக்கும் புதிய வாய்பாடு. ஒரு மண்டலத்தில் எத்தனை பேர், எந்தெந்த வயதினர், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று முதலில் கணக்கிட வேண்டும். அந்தந்த வயதினர் நாடு முழுவதும் சராசரியாக எத்தனை படுக்கை நாட்களைப் பயன்படுத்துகிறார்களோ, அந்த எண்ணால் பெருக்க வேண்டும். அம்மண்டலத்தின் இறப்பு விகிதம் தேசிய அளவைவிடக் கூடுதலானால், அதற்கேற்பப் பங்கை உயர்த்த வேண்டும். மனநோய்ப் பிரிவுக்கு மணநிலையும் கணக்கில் சேர்ந்தது. டிட்மஸும் ஏபெல்-ஸ்மித்தும் இருபது ஆண்டுக்கு முன் சுட்டிக்காட்டியது இவ்வாறு வாய்பாட்டுக்குள் இடம் பெற்றது. இலண்டனைச் சூழ்ந்த மண்டலங்கள் இழந்தன. வடக்கும் டிரெண்டும் பெற்றன.

நல்ல வாய்பாடுதான். ஆனாலும் அதில் ஒரு வட்டம் இருக்கிறது. முதியோர் எவ்வளவு படுக்கைகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை வைத்தே அவர்களுக்கு எவ்வளவு தேவை என்று முடிவு செய்கிறது. வாரனின் கூடத்தில் 714 படுக்கையும் "பயன்பட்டன". பிறகு 240 படுக்கையும் "பயன்பட்டன". இவற்றுள் எது தேவை? வாய்பாடு இதற்கு விடை சொல்லாது. மேலும் குடும்ப மருத்துவர்களுக்கான செலவை அது தொடவே இல்லை.

இரண்டாம் ஆவணம், அமைச்சர் பார்பரா காசில் வெளியிட்ட முன்னுரிமைத் திட்டம். முதியோருக்கான பணிகள் ஆண்டுக்கு 3.2 விழுக்காடு வளரட்டும், பொது மருத்துவமனைப் பணிகள் 1.2 விழுக்காடு வளர்ந்தால் போதும், பிறப்புகள் குறைந்துவிட்டதால் பேறுகாலச் செலவைக் குறைக்கலாம் என்றது அது. எந்தப் பிரிவினருக்கு எவ்வளவு என்று அரசு வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது அப்போதுதான். பெரிய மருத்துவமனைகளும் அவற்றின் புகழ்பெற்ற வல்லுநர்களும் இருக்கும் இடத்தை நோக்கிப் பணம் ஓடும் இயல்பு மட்டும் எளிதில் மாறவில்லை.

அடுத்து நிகழ்ந்ததோ யாருமே திட்டமிடாத ஒன்று. தனியார் முதியோர் இல்லங்களில் தங்கும் ஏழைகளுக்குச் சமூகப் பாதுகாப்புத் துறை கட்டணம் செலுத்தலாம் என்ற விதி 1980-களில் தளர்த்தப்பட்டது. 1979-ல் சுமார் ஒரு கோடி பவுனாக இருந்த இச்செலவு, 1990-களின் தொடக்கத்திற்குள் 100 கோடியைத் தாண்டிச் சென்றது. மருத்துவமனைகள் தங்கள் நீண்டகாலக் கூடங்களை மூடி, முதியோரைத் தனியார் இல்லங்களுக்கு அனுப்பின. சுகாதாரப் பணியின் ஏட்டை மட்டும் பார்ப்பவருக்கு, முதியோர் செலவின் ஒரு பகுதி மறைந்துவிட்டது போல் தோன்றும். அது மறையவில்லை, வேறு துறையின் ஏட்டுக்கு இடம் பெயர்ந்தது. 1990-ல் இயற்றப்பட்ட சட்டம் 1993 ஏப்ரலில் இப்பொறுப்பை மீண்டும் உள்ளாட்சி மன்றங்களிடமே சேர்த்தது. வசதிக்கேற்பக் கட்டணம் என்ற 1948ஆம் ஆண்டு விதியும் கூடவே திரும்பி வந்தது.

வயதா, மரணத்தின் அண்மையா?

இதற்கிடையில் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் வேறொரு வினாவை எழுப்பின. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோருக்கான மெடிகேர் காப்பீடு 1965-ல் சட்டமாயிற்று. அதன் 1978ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்த லூபிட்ஸ், பிரிஹோடா என்ற இருவர் 1984-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவ்வாண்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர். செலவில் அவர்களுக்கு ஆனது 28 விழுக்காடு. சுவிட்சர்லாந்தில் ஸ்வைஃபெல் என்ற பொருளியலாளரும் அவருடைய தோழர்களும் நோய்க்காப்பீட்டு நிதிகளின் கணக்குகளை ஆராய்ந்து 1999-ல் மேலும் ஒரு படி சென்றனர். இறந்தவர்களுடைய கடைசி இரண்டு ஆண்டுச் செலவைத் தீர்மானித்தது அவர்களுடைய வயதன்று. மரணத்துக்கு எஞ்சியிருந்த காலமே என்றனர்.

எடுத்துக்காட்டாக ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இறக்கும் ஆண்டில் ஒருவருக்கு 10,000 பவுனும், மற்ற ஆண்டுகளில் எந்த வயதினருக்கும் 500 பவுனும் ஆவதாக வைத்துக்கொள்வோம். 45 வயதினர் ஆயிரம் பேரில் ஓராண்டில் மூவர் இறக்கிறார்கள் எனில், மொத்தச் செலவு 5,28,500 பவுன்; தலைக்கு 528. 85 வயதினர் ஆயிரம் பேரில் நூறு பேர் இறக்கிறார்கள் எனில், மொத்தம் 14,50,000 பவுன், தலைக்கு 1,450. ஏறத்தாழ மூன்று மடங்கு! வயதுக்கென்று நாம் ஒரு காசு கூடச் சேர்க்கவில்லை. ஆயினும் வரைபடத்தில் கோடு ஏறுகிறது. ஒவ்வொருவரும் ஒருமுறைதான் இறக்கிறார்கள். ஆயுள் நீண்டால், அந்தப் பெருஞ்செலவு தள்ளிப்போகிறது, பெருகுவதில்லை.

இது மருத்துவமனைச் செலவுக்குப் பெரிதும் பொருந்துகிறது. மிக முதியவர்களுக்கு, இறக்கும் ஆண்டிலும் கூட, தீவிரச் சிகிச்சை குறைவாகவே தரப்படுகிறது. ஆனால் இதே சுவிஸ் ஆய்வாளர்கள் 2007-ல் செலவைப் பல கூறுகளாகப் பிரித்துப் பார்த்தபோது ஒரு கூறு மட்டும் இந்த விதிக்கு அடங்காமல் நின்றது. குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், எழுப்பி உட்கார வைத்தல் என நாள்தோறும் செய்யும் நீண்டகாலப் பராமரிப்பே அது. மருத்துவரின் பகுதியில் வயது பெரிதாகப் பேசவில்லை. பணிவிடையின் பகுதியில்தான் பேசிற்று. 1951ஆம் ஆண்டு இரவின் கணக்கைத் துழாவிய இருவரும் வேறு வழியில் வந்து சேர்ந்த இடமும் இதற்கு அருகில்தான் இருக்கிறது.

மருத்துவத்தையும் பணிவிடையையும் பிரித்த 1948ஆம் ஆண்டுக் கோடு அழியவில்லை. புற்றுநோய் வந்தவருக்கு சுகாதாரப் பணி இலவசமாகச் சிகிச்சை தருகிறது. மறதிநோய் வந்தவருக்கு வேண்டியதில் பெரும்பகுதி பணிவிடை. ஆகவே அவர் தம் சேமிப்பிலிருந்து செலுத்துகிறார். ஸ்காட்லாந்து 2002 ஜூலையிலிருந்து 65 வயதைக் கடந்தோருக்கு உடற்பணிவிடையை இலவசமாக்கிற்று. தங்கும் செலவு மட்டும் அவரவர் பொறுப்பு. இங்கிலாந்தில் ஒருவர் வாழ்நாளில் செலுத்தும் தொகைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று டில்நட் ஆணையம் 2011-ல் பரிந்துரைத்தது. 2014-ல் அது சட்டமும் ஆயிற்று. பிறகு 2016-க்கு என்றார்கள், 2020-க்கு என்றார்கள், 2023-க்கு என்றார்கள், 2025-க்கு என்றார்கள். 2024 ஜூலையில் கைவிட்டே விட்டார்கள்.

இங்கிலாந்தில் 23,250 பவுனுக்கு மேல் சொத்துள்ளவர் முதியோர் இல்லக் கட்டணம் முழுவதையும் தாமே கட்ட வேண்டும் என்பது 2010-ல் நிர்ணயித்த வரம்பு. 2025 வரை அது உயர்த்தப்படவில்லை. இல்லத்தில் நிலையாகச் சேர்ந்துவிட்டவருடைய வீடும் சொத்தாகக் கணக்கிடப்படும். அவருடைய கணவனோ மனைவியோ அந்த வீட்டில் தொடர்ந்து வசித்தால் வீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தனியராக வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் வீட்டை விற்றுக் கட்டுகிறார்கள்.